பதினொரு மார்க் கருமுட்டை

தாரணியின் ஒரே கருமுட்டை நூற்றுக்குப் பதினொரு மார்க் வாங்கியது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு முடிவு வந்தது. ஒன்பது பதினைந்துக்கு அவளுடைய மாமியார் அழத் தொடங்கினார். ஒன்பது இருபதுக்கு அழுகையை நிறுத்திவிட்டு, மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டார்.

நான் அந்த மருத்துவமனையின் எம்ப்ரியாலஜிஸ்ட். கருமுட்டையையும் விந்தணுவையும் சேர்த்துவைப்பது என் வேலை. கல்யாணத் தரகர் வேலைதான், ஜாதகம் பார்க்கும் தொல்லை மட்டும் இல்லை என்று முன்பெல்லாம் வேடிக்கையாகச் சொல்வேன். ஞானக்கண் வந்தபிறகு அந்தத் தொல்லையும் வந்துவிட்டது.

ஞானக்கண் என்பது ஒரு கேமரா, ஒரு திரை, பின்னால் ஒரு கணினி. கருமுட்டை இருக்கும் சிறு தட்டை அதன் கீழே வைத்தால் முதலில் தட்டு முழுவதையும் ஒரு படம் எடுக்கும். பிறகு முட்டையை நெருங்கிப் பார்க்கும். நாற்பது விநாடியில் மார்க் சொல்லிவிடும். எங்கள் தலைமை மருத்துவர் மகுடேஸ்வரன் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்திருந்த பன்னிரண்டாயிரம் படங்களைக் கொடுத்து அதைப் பழக்கினார்கள். ஒவ்வொரு படத்தோடும் அந்த முட்டை குழந்தையானதா இல்லையா என்ற விவரமும் இருந்தது. எந்த முட்டை குழந்தையாகும் என்று இயந்திரத்துக்குத் தெரியும் என்றுதான் முதலில் சொன்னார்கள். எது நல்ல குழந்தையாகும் என்று அதற்குத் தெரியும் என யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லோர் காதிலும் அப்படித்தான் விழுந்தது.

அரசு சும்மா இருக்குமா? பிறப்புச் சான்றிதழில் ஏழாவதாக ஒரு கட்டம் சேர்த்தார்கள். தாயின் கருமுட்டை மதிப்பெண். தேர்ச்சிக்கு முப்பத்தைந்து. ஏன் முப்பத்தைந்து என்று விசாரித்ததில், அந்தக் குழுவில் இருந்த ஒருவருக்கும் வேறு எண் தோன்றவில்லை என்று தெரிந்தது. விந்தணுவுக்கும் மார்க் உண்டா என்று ஒரு பெண் உறுப்பினர் கேட்டிருக்கிறார். அதை ஆராயத் தனிக்குழு அமைத்தார்கள். அந்தக் குழு இன்னும் டீ குடித்துக்கொண்டிருக்கிறது.

அதன்பிறகு நடந்ததையெல்லாம் ஊரே அறியும். எல்கேஜி சேர்க்கைக்குக் கட்-ஆஃப் வந்தது. மணமகள் தேவை விளம்பரங்களில் நிறம், உயரம் போட்டு, அடுத்து மு.ம. 88, அதாவது முட்டை மதிப்பெண் எண்பத்தெட்டு, என்று போட்டார்கள். முட்டையின் மார்க்கைக் கூட்டப் பெண்களுக்கு மூன்று மாதப் பயிற்சி வகுப்புகள் பெருந்துறை சாலை நெடுகத் திறந்தன. காலையில் ஊறவைத்த பாதாம், மாலையில் மூச்சுப் பயிற்சி, ஞாயிறு தோறும் மாதிரித் தேர்வு. எதை வைத்து மாதிரித் தேர்வு நடத்தினார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் மருத்துவமனை வாசலில் ஒரு பேனர் வைத்தோம். 98 மார்க் வாங்கிய முட்டையின் தாயார், மாலை போட்டுக்கொண்டு, வெட்கத்தோடு சிரித்தபடி. சிகிச்சை இல்லாமலே பிள்ளை பெற்றுக்கொள்ள முடிந்தவர்கள்கூட எங்களிடம் வந்தார்கள். சும்மா பிறந்த குழந்தைகளுக்கு ஏழாவது கட்டத்தில் ஒரு கோடுதான் இருக்கும். என் மகளுக்கும் கோடுதான். அவளுடைய தோழிகள் அவளிடம் அன்பாகவே நடந்துகொள்கிறார்கள். அந்த அன்புதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஞானக்கண்ணை மாநிலம் முழுக்க வாங்கிவிட்டார்கள். ஆனால் தொண்ணூறுக்கு மேல் மார்க் விழுவது எங்கள் ஈரோட்டில் மட்டும்தான். மற்ற ஊர்களில் ஐம்பதும் நாற்பத்திரண்டும்தான். காவிரித் தண்ணீர் என்றார்கள். மஞ்சள் என்றார்கள். சென்னையிலிருந்து ரயிலேறி வந்தார்கள்.

இந்த ஊர்க்காரி தாரணிக்குத்தான் பதினொன்று.

* * *

ஆலோசனை அறையில் மூன்று பேர் என் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். தாரணி மயக்கம் தெளிந்து வார்டில் படுத்திருந்ததால் இரண்டு பேர்தான். மாமியார் சாந்தாமணியம்மா, கணவன் கோகுல்.

"நூத்துக்குங்களா, அம்பதுக்குங்களா?" என்றார் சாந்தாமணியம்மா.

"நூத்துக்குங்க."

"எங்கூட்ல யாரும் எழுபதுக்குக் கீழ வாங்குனதே இல்லீங்."

"அது பரிட்சைங்கம்மா."

"இது மட்டும் என்னவாம்?"

 கோகுல் தன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய விந்தணுவில் நூறில் தொண்ணூற்றேழு நீந்தத் தெரியாதவை. அதற்கு மார்க் கிடையாது என்பதால் அவன் முகம் தெளிவாக இருந்தது.

விதியை விளக்கினேன். முப்பத்தைந்துக்குக் கீழே உள்ள முட்டையைக் கருவாக்க வேண்டுமானால் கணவர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் முட்டை அப்புறப்படுத்தப்படும். எடுத்த நேரம் காலை எட்டு. மதியம் ஒரு மணிக்குள் விந்தணுவைச் செலுத்தியாக வேண்டும். அதற்குப் பிறகு முட்டை தாங்காது.

"தாரணிக்கு முப்பத்தொம்போது வயசுங்க," என்றேன். "மூணாவது தடவை ஊசி போட்டும் ஒரே முட்டைதான் வந்திருக்கு. இனி வர்றது சந்தேகம். இதை விட்டா அவங்களோட முட்டையில குழந்தைங்கறது இல்லைன்னுதான் வெச்சுக்கணும்."

கோகுல் அம்மாவைப் பார்த்தான்.

"அம்மா சொல்றதையும் பாக்கோணுமுங்களே."

"நான் என்னடா சொல்றது? பதினொண்ணுன்னு சர்டிஃபிகேட்ல போட்டு ஒரு பிள்ளையப் பெத்து வெச்சா, நாளைக்கு அதை எந்தப் பள்ளிக்கூடத்துல சேத்துவாங்க? எவன் கட்டுவான்? பிள்ளை இல்லாத வீடுன்னா பாவம்னு சொல்வாங்க. பதினொண்ணுன்னா சிரிப்பாங்க."

"அப்ப கையெழுத்து...?" என்றேன்.

"ரீவேல்யூஷன் போடலாமுங்களா மேடம்? எங்க அக்கா பையனுக்கு பிசிக்ஸ்ல அப்பிடித்தான் நாப்பது மார்க் கூட வந்துச்சு," என்றார் சாந்தாமணியம்மா.

போடலாம். அதற்கும் விதி இருக்கிறது. முதல் முடிவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை மட்டும். அதே முட்டை, அதே இயந்திரம். இரண்டு மணி நேரத்தில் அது தன் கருத்தை மாற்றிக்கொள்ளும் என்று குழு நம்பியிருக்க வேண்டும்.

"அப்ப பதினொண்ணு பத்துக்குப் போடலாமுங்க," என்றேன்.

சாந்தாமணியம்மா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை பத்தரை டு பன்னண்டு ராகுகாலமுங்க. பன்னண்டு தாண்டிப் போட்டுக்கலாம்."

"முட்டை கெட்டுப்போயிடுமுங்கம்மா."

"ஒரு மணி வரைக்கும் தாங்கும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

சொன்னேன்தான்.

* * *

வார்டில் தாரணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும், "பதினொண்ணாமா?" என்றாள்.

"யார் சொன்னாங்க?"

"வெளிய அத்தை போன்ல எங்க நாத்தனார்கிட்டச் சொல்லிட்டிருந்தாங்க. எனக்குன்னு தனியாச் சொல்லல." திரும்பினாள். "ஏனுங்க மேடம், அதுக்குள்ள அப்பிடி என்னதான் இருக்குது?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். மார்க் வந்தபிறகு முட்டைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

"ஒரு குமிழ் இருக்குங்க. சோப்புத் தண்ணியில வர்ற மாதிரி உருண்டையா, தெளிவா. முட்டைக்குள்ள சின்னச் சின்னக் குழாய்ங்க இருக்கும். அதெல்லாம் ஒரே எடத்துல கூடிக்கிட்டா அப்படித் தெரியும். எப்பவாவது ஒண்ணு ரெண்டு முட்டையில பாத்திருக்கேன்."

"கெட்டதுங்களா?"

"நான் வேலைக்குச் சேந்தப்ப, குமிழ் இருந்தா தூக்கிப் போடுங்கன்னு சொன்னாங்க. அப்புறம் சிலதை வெச்சுப் பாத்தாங்க. சிலது ஒட்டவே இல்லை. சிலது பாதியில போச்சு. சிலது நல்லாவே பொறந்துச்சு. எது எப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் சரியாத் தெரியாது. உண்டானா நடுவுல கூடுதலா ஸ்கேன் பாத்துக்கணும், அவ்வளவுதான்."



"நீங்க மார்க் போடறதா இருந்தா எவ்வளவு போடுவீங்க?"

ஞானக்கண் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இயந்திரம் வந்தபோது எனக்கு வருத்தம் இருக்கும் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். உண்மையில் எனக்கு நிம்மதிதான். ஒவ்வொரு நாளும் இது வேண்டும், இது வேண்டாம் என்று சொல்கிற வாயை மூடிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது. வேண்டாம் என்றது நானில்லை. நாற்பது விநாடி காத்திருந்து படித்துச் சொன்னது மட்டுமே நான்.

"பாத்துட்டு வந்து சொல்றேன்," என்று எழுந்துவிட்டேன்.

* * *

குமிழ் இருந்த பழைய முட்டைகளின் படங்களைத் தேடினேன். ஞானக்கண் பழகிய படங்களில் அப்படி நாற்பத்தொன்று இருந்தன; அவற்றுக்கும் அது மார்க் போட்டுவைத்திருந்தது. முப்பத்திரண்டுக்கு இருபதுக்குக் கீழே மார்க். மீதி ஒன்பதுக்கு எண்பத்தைந்துக்கு மேல்.

அதே குமிழ். அதே அளவு. மார்க் மட்டும் வேறு.

ஒன்பதையும் வரிசையாகத் திரையில் போட்டுப் பார்த்தேன். முட்டைக்குள் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. படத்தைச் சுருக்கித் தட்டு முழுவதையும் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒன்பது தட்டுகளின் விளிம்பிலும் ஒரு சிறிய பச்சைப் புள்ளி.

அந்தப் புள்ளியை எனக்குத் தெரியும். அதை வைத்தது நான்.

இயந்திரம் வருவதற்கு முந்தைய காலம். ஒரு நாளைக்கு ஆறு ஏழு தட்டுகள் இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக வெளியே எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டு வேலை செய்வேன். தாரணி வந்த நாளிலும் அதுதான் பழக்கம். நம்பிக்கை வந்த முட்டையின் தட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வேன். அதை முதலில் எடுத்து, முதலில் முடித்து, முதலில் இன்குபேட்டரின் சூட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன். கடைசித் தட்டு அதுவரை வெளியே குளிரில் காத்திருக்கும். யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. யாரிடமும் நான் சொன்னதுமில்லை.

நம்பிக்கை வந்த முட்டை என்று சொல்லிக்கொள்வேனே தவிர, அதுவும் முழு உண்மை இல்லை. அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டால் அவளுடைய முட்டையும் அழகாகத் தெரியும். கண்ணைப் பார்த்துப் பேசியவள், பயத்தில் என் கையைப் பிடித்தவள், என் அக்காவின் சாயலில் இருந்தவள். புள்ளி வைத்த முட்டைகள் அதிகம் குழந்தையாகின என்று என் கண்ணின் கூர்மையைப் பற்றி எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அவை குளிரில் காத்திருக்கவில்லை என்பதை நான் கூட்டிப் பார்த்ததில்லை.

ஞானக்கண் கூட்டிப் பார்த்திருக்கிறது. பன்னிரண்டாயிரம் படங்களைப் பார்த்து அது கற்றுக்கொண்ட ஞானம் இதுதான். பச்சைப் புள்ளி இருந்தால் பிள்ளை நிச்சயம்.

சோதித்துப் பார்த்தேன். ஒரு காலித் தட்டு எடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் மட்டும் விட்டு, விளிம்பில் புள்ளி வைத்து, கேமராவின் கீழ் வைத்தேன். நாற்பது விநாடி. எண்பத்தெட்டு.

முட்டையே இல்லாத தட்டு முதல் வகுப்பில் தேறிவிட்டது.

சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபிறகுதான் அடுத்த கேள்வி உறைத்தது. இயந்திரம் வந்த அன்றே நான் புள்ளி வைப்பதை நிறுத்திவிட்டேன். அப்படியானால் இந்த ஆறு ஆண்டுகளாகத் தொண்ணூறும் தொண்ணூற்றெட்டும் எப்படி விழுகின்றன? வாசலில் மாலையோடு சிரிக்கும் அந்தத் தாயாரின் தட்டை எடுத்துப் பார்த்தேன். புள்ளி இருந்தது. என்னுடையது அவசரத்தில் இழுத்த மாதிரி இருக்கும். இது வட்டமாக, அளவாக, நெற்றியில் வைத்த பொட்டு மாதிரி இருந்தது.

லேப்பில் தட்டுகளைத் தொடுபவர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி. தரையைத் துடைத்து, தட்டுகளுக்குப் பெயர் ஒட்டி, அடுக்கித் தருகிற மரியபுஷ்பம் இன்னொருத்தி.

* * *

"புஷ்பம், இங்க வா."

கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறைக்க முயலவில்லை.

"நீங்க வெச்சிட்டிருந்தீங்கல்ல மேடம். அப்புறம் விட்டுட்டீங்க. மறந்துபோயிட்டீங்களோன்னு நானே வெச்சேன்."

"எதுக்குன்னு தெரியுமா உனக்கு?"

"மொதல்ல தெரியாதுங்க. ஒரு மாசம் கழிச்சுத் தெரிஞ்சுபோச்சு. வெச்சா மார்க்கு வருது."

"யார்கிட்டயும் சொல்லலையே?"

"நீங்க கேக்கலையே."

"யாருக்கெல்லாம் வெச்ச?"

 "புடிச்சவங்களுக்குங்க. சாப்டியாக்கான்னு கேட்டவங்களுக்கு. எம் பேரு என்னன்னு கேட்டவங்களுக்கு. போன வருஷம் ஒருத்தி வந்தாளே, பவானிக்காரி, அவ எதுவும் கேக்கல. ஆனா நான் துடைச்ச தரையில மிதிக்காம ஓரமா நடந்து போனா. அவளுக்கும் வெச்சேன்."

ஒரு மாநிலத்தின் எல்கேஜி வகுப்புகளும் கல்யாணச் சந்தையும், பாதாம் பயிற்சி மையங்களும், காவிரித் தண்ணீரின் மகிமையும், ஈரத்தரையின் ஓரமாக நடக்கத் தெரிந்த ஒருத்தியின் மேல் நின்றுகொண்டிருந்தன. குழுக்கள் அமைத்துத் தேர்ந்தெடுத்திருந்தால்கூட இவ்வளவு நியாயமாக அமைந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனாலும் நியாயமில்லை.

"தாரணிக்கு ஏன் வெக்கல?"

அவள் முகம் இறுகியது. "அவங்க மாமியா காலைல தண்ணி கேட்டாங்க. கொண்டுபோய்க் குடுத்தேன். 'தரை துடைச்ச கையில குடுக்கறியே, வேற ஆளு இல்லியா'ன்னு நாலு பேரு முன்னாடி கேட்டாங்க. கையைத்தான் சொன்னாங்களா, வேற எதையாவது சொன்னாங்களான்னு எனக்குத் தெரியுமுங்க மேடம். அவங்களே போயி வேற டம்ளர்ல புடிச்சுக் குடிச்சாங்க."

பதினொன்று எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது. குமிழின் பங்கு அதில் கொஞ்சம்தான்.

மணி பதினொன்றே முக்கால். இப்போதே மகுடேஸ்வரனிடம் போய்ச் சொல்லலாம். இயந்திரத்தை நிறுத்துவார்கள், விசாரணை வைப்பார்கள். அறிக்கை வருவதற்குள் தாரணியின் முட்டை எப்போதோ கழிவு வாளிக்குப் போயிருக்கும். இல்லையென்றால் ஒரு பச்சைப் பேனாவின் மூடியைத் திறக்கலாம். என் நேர்மைக்கு அவளுடைய கடைசி முட்டையைக் கொடுப்பதா என்று ஒருத்தி கேட்டாள். உன் பொய்யின் மேல் ஒரு குழந்தையை உட்கார வைப்பதா என்று இன்னொருத்தி கேட்டாள். இரண்டு பேருமே நான்தான். இரண்டு பேருக்கும் ஆறு ஆண்டுகளாக வாய் இருக்கவில்லை.

"புஷ்பம், எங்கூட வார்டுக்கு வா."

* * *

தாரணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளி, முதலில் எடுத்த தட்டு, குளிரில் காத்திருந்த தட்டு, காலித் தட்டு, எண்பத்தெட்டு. புஷ்பம் ஏன் வைக்கவில்லை என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. தாரணியே சொன்னாள்.

"காலைல அத்தை அப்பிடிச் சொன்னப்ப நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன்." அவள் புஷ்பத்தைப் பார்த்தாள். "ஒரு வார்த்தை சொல்லல."

"தெரியுமுங்க," என்றாள் புஷ்பம். "நானும் உங்களைத்தான் பாத்துட்டிருந்தேன்."

 தாரணி மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டால் புள்ளிக்காகக் கேட்டதாகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"புள்ளி வெச்சா குமிழ் போயிடாதுங்க தாரணி," என்றேன். "மார்க்தான் மாறும். உங்க வீட்டுக்காரர் கையெழுத்து தேவைப்படாது. மத்தபடி நான் காலைல சொன்னதுதான். ஒட்டலாம், ஒட்டாமப் போகலாம். பாதியில போகலாம். நல்லாவும் பொறக்கலாம். வேண்டாம்னு சொன்னாலும் தப்பில்லை. நீங்கதான் சொல்லணும்."

"எனக்கு மார்க் வேண்டாமுங்க. அவங்களுக்குத்தான் வேணும். வெச்சுடுங்க." பிறகு தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஆனா ஒண்ணு கேக்கட்டுங்களா? நீங்க என்னோடதை முதல்ல எடுப்பீங்களா?"

அன்று ஏழு தட்டுகள் இருந்தன. ஆறு பெண்கள் மற்ற வார்டுகளில் படுத்திருந்தார்கள். அவர்கள் யாருக்கும் இதைக் கேட்கத் தெரியாது.

"எடுக்கறேன்," என்றேன்.

வெளியே வந்ததும் புஷ்பம் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். நான் பேனாவை எடுப்பதற்குள் தன் மேலங்கிப் பையிலிருந்து எடுத்துவிட்டாள். வைத்தாள். வட்டமாக, அளவாக.

"மாமியா பேசுனதுக்கு முட்டை என்ன பண்ணும்," என்றாள். 

* * *

பன்னிரண்டு ஐந்துக்கு மறுமதிப்பீடு. சாந்தாமணியம்மாவும் கோகுலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். சாந்தாமணியம்மா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். நாற்பது விநாடி.

தொண்ணூற்று நாலு.

"பாத்தீங்களா!" என்று கண்ணாடியைத் தட்டினார். "ராகுகாலத்துல போட்டிருந்தா வந்திருக்குமுங்களா? நீங்க அவசரப்பட்டீங்க!"

கோகுல் முதல் தடவையாகக் கைபேசியைப் பையில் போட்டான். "என்னோட சைடும் சேத்துதானுங்களே மேடம் இந்த மார்க்?"

மகுடேஸ்வரன் கீழே இறங்கி வந்து கைகுலுக்கினார். இயந்திரம் தன் தவறைத் தானே திருத்திக்கொள்ளும் பெருமையைப் பற்றி அவர்களுக்கு ஐந்து நிமிடம் விளக்கினார். நான் உள்ளே போய்த் தாரணியின் தட்டை முதலில் எடுத்தேன்.

அன்று ஏழாவதாகக் காத்திருந்த தட்டு கோபிச்செட்டிபாளையத்துப் பெண் ஒருத்தியுடையது. அவளுக்கு ஒட்டவில்லை. முதலில் எடுத்திருந்தாலும் ஒட்டியிருக்குமோ, ஒட்டியிருக்காதோ. அவள் பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத எனக்குத் தைரியமில்லை.

தாரணிக்கு ஒட்டியது. எட்டு மாதமும் ஒவ்வொரு ஸ்கேனையும் நானே கூட நின்று பார்த்தேன். இரண்டு வாரம் முன்கூட்டியே, இரண்டே கால் கிலோவில் ஒரு பெண் பிறந்தாள். இடது காது மடல் கொஞ்சம் மடிந்திருந்தது. குமிழுக்கும் காதுக்கும் தொடர்பு உண்டா என்று தாரணி கேட்டாள். என் மாமனாருக்கும் அப்படித்தான் இருக்கும், அவர் எந்தக் குமிழிலிருந்தும் வந்தவரில்லை என்றேன். த்ரிஷ்விகா என்று பெயர் வைத்தார்கள். அர்த்தம் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் சாந்தாமணியம்மா செல்லமாக நைன்ட்டி ஃபோர் என்று கூப்பிடுவதாகக் கேள்வி.

குழந்தை பிறந்த அன்று மகுடேஸ்வரனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். காலித் தட்டை அவர் கண் முன்னால் வைத்துக் காட்டினேன். எண்பத்தெட்டைப் பார்த்துவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"யமுனா, உக்காருங்க. மாநிலம் பூராவும் பத்தாயிரம் பிள்ளைங்க சர்டிஃபிகேட்டைத் திருப்பி வாங்கிக் கிழிச்சுப்போடலாமுங்களா? அதுல எம் பேரனும் இருக்கான்."

"எத்தனை சார்?"

"தொண்ணூத்தாறு."

அவருடைய மருமகள் வந்திருந்தபோது புஷ்பத்திடம் பெயர் கேட்டிருக்க வேண்டும்.

இயந்திரத்தை நிறுத்துவார் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். திங்கட்கிழமை லேப்புக்கு ஒரு பெட்டி வந்தது. கடிதம் எதுவும் இல்லை. உள்ளே இரண்டு டஜன் பச்சை மார்க்கர் பேனாக்கள்.

"யாருக்குங்க மேடம் வெக்கறது?" என்றாள் புஷ்பம்.

"எல்லாருக்கும் வை."

வைத்தோம். நான் வேலை செய்யும் முறையையும் மாற்றினேன். இப்போது ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான் வெளியே வருகிறது. மற்றவை தங்கள் முறை வரும்வரை சூட்டிலேயே இருக்கின்றன. செய்ய வேண்டியிருந்தது அவ்வளவுதான். இருபது ஆண்டுகளாக.

* * *

ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலை, சாந்தாமணியம்மா பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரவேற்பறையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க என்னதான் நடக்குதுங்க? எங்கூட்டுக்கு எதுத்தாப்ல இருக்கறவளுக்குத் தொண்ணூத்தஞ்சாம். அவ தங்கச்சிக்குத் தொண்ணூத்து மூணாம். கறிக்கடைக்காரன் மருமகளுக்குத் தொண்ணூத்தேழாம்! கண்டவங்களுக்கெல்லாம் தொண்ணூறு போட்டா, அப்ப எங்க புள்ளை வாங்குன மார்க்குக்கு என்ன மரியாதைங்க? நாங்க ரீவேல்யூஷன் போட்டு வாங்குனது. நேர்மையா வாங்குனது!"

மேலாளர் ஏதோ சமாதானம் சொன்னார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மத்தவங்களுக்கெல்லாம் ரீவேல்யூஷன் போடோணும். போட்டுக் குறைக்கோணும். இந்தா, இதைக் கொஞ்சம் புடி." திரும்பிப் பார்க்காமலே பக்கத்தில் நின்றவளிடம் குழந்தையை நீட்டினார். நின்றது புஷ்பம். கையில் துடைப்பம் இருந்தது. அதைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

சாந்தாமணியம்மா மேலாளரின் மேசையை நோக்கி நகர்ந்தார். குழந்தை புஷ்பத்தின் மேலங்கிப் பையில் கையை விட்டுப் பேனாவை எடுத்தது. மூடியைக் கடித்தது. புஷ்பம் அதை மெல்ல வாங்கி, மடிந்த காதுக்குக் கொஞ்சம் கீழே, கன்னத்தில், ஒரு புள்ளி வைத்தாள்.

பத்து நிமிடம் கழித்துப் பேத்தியை வாங்க வந்த சாந்தாமணியம்மா நின்றார்.

"இதென்னது கன்னத்துல, பச்சையா?"

"திருஷ்டிப் பொட்டுங்கம்மா. கண்ணு படாம இருக்கோணுமில்லீங்."

"கறுப்புலதான வெப்பாங்க?"

"இங்க இதுதானுங்க இருக்குது."

சாந்தாமணியம்மா குழந்தையின் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். சுற்றி நின்றவர்களின் குழந்தைகளையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். யார் கன்னத்திலும் பச்சை இல்லை.

"அந்தக் கன்னத்துலயும் ஒண்ணு வெச்சுடு," என்றார்.

புஷ்பம் பேனாவின் மூடியைப் போட்டுப் பைக்குள் வைத்தாள்.

"ஒண்ணு போதுமுங்க."